எம்ஜிபிக்கு எந்த கியர் பாக்ஸ்: பழைய ஓவர்டிரைவா, ஐந்து கியரா?

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், நாலாம் கியரில், எம்ஜிபி என்ற பழைய இங்கிலாந்து விளையாட்டுக் காரின் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,800 சுற்று சுற்றுகிறது. கூரையை மடித்துவிட்டு ஓட்டினால் பக்கத்து இருக்கைக்காரரோடு கத்தித்தான் பேச வேண்டும். கூரை போட்டிருந்தால் இன்ஜின் சத்தம் முழுக்க உள்ளேயே சுற்றிவரும். “இன்னொரு கியர் இருந்தால் தேவலையே” என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அந்த எண்ணத்தோடு ஐந்து கியர் கிட் (வேறு காரின் ஐந்து கியர் பாக்ஸை எம்ஜிபியில் மாட்டத் தேவையான சாமான்கள்) விற்பவரிடம் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கியர் விகிதம் என்ற எண் சிறியதாக இருந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும். கிட்டில் வரும் ஃபோர்டு டைப் 9 பாக்ஸின் ஐந்தாம் கியர் விகிதம் 0.82. மாஸ்டா எம்எக்ஸ்-5 பாக்ஸில் அது 0.814. எம்ஜிபிக்கு 1960-களிலேயே கூடுதல் காசுக்குக் கிடைத்த லேகாக் ஓவர்டிரைவை (நாலு கியர் பாக்ஸின் வாலில் மாட்டி, சுவிட்சால் போடும் கூடுதல் கியர்) பாருங்கள்: பிந்திய எல்எச் வகையில் 0.82, அதற்கு முந்திய டி வகையில் 0.802. கம்பெனி கொடுத்த 3.909 கிரவுன்-பினியனும் (பின் அச்சின் பற்சக்கர ஜோடி) 14 அங்குலச் சக்கரமும் உள்ள காரில், 110-ல் போகும்போது டைப் 9-ம் எல்எச் ஓவர்டிரைவும் ஏறக்குறைய 3,130 சுற்றில் நிற்கும். எம்எக்ஸ்-5 பாக்ஸ் 3,110-ல். டி வகை ஓவர்டிரைவ் 3,060-ல். நாலிலும் குறைந்த சுற்று தருவது நாலிலும் மூத்த பாக்ஸ்தான். நெடுஞ்சாலைச் சத்தத்துக்காக மட்டும் ஓவர்டிரைவைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து கியர் மாட்டுகிறவர், வீட்டில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு அதே பாத்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிவருகிறார்.

ஐந்து கியர் கிட்டுக்கு நியாயமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்த நியாயத்தைத் தேட வேண்டிய இடம் முதல் இரண்டு கியர்கள், சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்), உதிரிபாகம்.

காரின் வருடம் முதலில்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. வி8 போட்ட ஜிடி தவிர, இன்ஜின் கடைசிவரை 1,798 சிசி பி-சீரிஸ்தான். கியர் பாக்ஸ் மட்டும் இரண்டு சாதி. 1967-ன் பிற்பகுதி வரை வந்தது மூன்று சிங்க்ரோ பாக்ஸ். முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது. அதற்குப் பின் வந்தது நாலு கியரிலும் சிங்க்ரோ உள்ள பாக்ஸ். இரண்டாவது பாக்ஸ் உருவத்தில் பெரியது. அதற்காகவே காரின் நடுச் சுரங்கத்தை அகலப்படுத்தினார்கள். ஆகவே 1965-ஆம் வருடக் காரில் 1970-ஆம் வருட பாக்ஸை வைக்க நினைத்தால் தகரத்தை வெட்டி ஒட்டும் வேலை வரும். பின் தகடு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாமே மாறுகின்றன. இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது. பழைய தகரத்தை வெட்டியபின் திரும்பிப் போக வழியில்லை.

முந்திய கார்களுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 1964-ன் பிற்பகுதி வரை கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று மெயின் பேரிங். 18ஜிபி இன்ஜின் வந்ததிலிருந்து ஐந்து. கிராங்கின் பின்முனையில் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உட்காரும் துளையே இரண்டிலும் வேறு. கிட் ஆர்டர் கொடுக்கும்போது காரின் வருடத்தைச் சொன்னால் போதாது. அறுபது வருடத்தில் யார் எந்த இன்ஜினைத் தூக்கி வைத்தார்களோ! இன்ஜின் எண் தகட்டைப் படித்து, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முதுகில் சின்ன சோலினாய்டு (மின்காந்த இழுப்பி) ஒட்டியிருந்தால் அது 1968-க்குப் பிந்திய வகை.

விகிதங்கள் இதோ, முதல் கியரிலிருந்து டாப் வரை:

மூன்று சிங்க்ரோ: 3.636, 2.214, 1.374, 1.00
நாலு சிங்க்ரோ: 3.44, 2.167, 1.382, 1.00
ஃபோர்டு டைப் 9, நாலு சிலிண்டர்: 3.65, 1.97, 1.37, 1.00, 0.82
ஃபோர்டு டைப் 9, வி6: 3.36, 1.81, 1.26, 1.00, 0.82
மாஸ்டா எம்எக்ஸ்-5, ஐந்து கியர்: 3.136, 1.888, 1.33, 1.00, 0.814

நாலு சிங்க்ரோவும் ஓவர்டிரைவும்

மூன்றாம் கியரிலும் நாலாம் கியரிலும் ஓவர்டிரைவ் போட முடிந்த கார் என்றால் உங்களிடம் உண்மையில் ஆறு கியர் இருக்கிறது. மூன்றாம் கியரின் 1.382-ஐ 0.82-ஆல் பெருக்கினால் 1.13; மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே சரியாகப் போய் உட்காருகிறது. மலைப்பாதையில் நாலாம் கியர் இழுக்காமல், மூன்றாம் கியர் அலறிக்கொண்டிருக்கும் வேகம் ஒன்று உண்டு. அங்கே கிளட்சைத் தொடாமல் விரலால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். இந்தச் சுகத்தை எந்த ஐந்து கியர் பாக்ஸும் தராது. கடைசி வருடங்களில் வந்த கார்களில் ஓவர்டிரைவை நாலாம் கியருக்கு மட்டும் சுருக்கிவிட்டார்கள். சுவிட்ச் கியர் ராடின் குமிழிலேயே இருக்கும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கியர் பாக்ஸின் வாலில் தனியாக ஒரு எபிசைக்ளிக் பற்சக்கரத் தொகுதி (நடுப்பல்லைச் சுற்றி மற்றப் பற்சக்கரங்கள் வலம் வரும்). அதன் நடுப்பல்லை ஒரு கூம்பு கிளட்ச் பிடித்து நிறுத்தினால் வெளி ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். அந்தக் கூம்பைத் தள்ளுவது ஆயில் பிரஷர். எல்எச் வகையில் சுமார் 400 பிஎஸ்ஐ. பிரஷரை உண்டாக்குவது மெயின் ஷாஃப்ட்டிலிருந்து இயங்கும் குட்டிப் பம்ப். சோலினாய்டு ஒரு வால்வைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். தனி ஆயில் கிடையாது; கியர் பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதுவும் கியர் ஆயில் அல்ல. 20டபிள்யூ/50 இன்ஜின் ஆயில். நாலு சிங்க்ரோ ஓவர்டிரைவ் பாக்ஸுக்கு 3.4 லிட்டர் பிடிக்கும். ஓவர்டிரைவ் இல்லாததற்கு 3 லிட்டர்.

ஆயில் விஷயத்தில் செய்யக்கூடாதது ஒன்று. “கியர் வழுவழுப்பாக விழும்” என்று சொல்லி விற்கும் சேர்மானங்களை இதில் ஊற்றாதீர்கள். கூம்பு கிளட்ச் உராய்வை நம்பி வாழ்கிறது. வழுக்கும் சரக்கைப் போட்டால் ஓவர்டிரைவ் வழுக்காமல் என்ன செய்யும்?

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால்: நாலாம் கியரில், 3,000 சுற்றில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி சுவிட்சைப் போடுங்கள். ஒரு விநாடிக்குள் முள் 2,460 பக்கம் இறங்க வேண்டும். மெதுவாக இழுத்து இழுத்து இறங்கினால் கூம்பு வழுக்குகிறது. ஆயில் குளிர்ந்திருக்கும்போது பிடித்து, அரை மணி ஓடியபின் பிடிக்க மறுத்தால் பிரஷர் எங்கோ கசிகிறது. பம்ப் வால்வு, ஓ-ரிங் பக்கம் பார்க்க வேண்டும். எப்போதுமே பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல நேரம் அது வெறும் மின்சாரக் கோளாறு, அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, நாலாம் கியரில் போட்டு, சுவிட்சைத் தட்டுங்கள். காலடித் தகரத்துக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கியர் பாக்ஸ் அருகே வரும் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கியர் பாக்ஸ் மூடியில் இருக்கும் தடுப்பு சுவிட்ச்தான் பெரும்பாலும் குற்றவாளி. மூன்று, நாலு கியர்களில் மட்டும் மின்சாரத்தை விட வேண்டிய சுவிட்ச் அது. அடியில் வைக்கும் வாஷரின் கனம் ஒரு துளி தப்பினாலும் தொடாது. ‘டக்’ கேட்டும் ஓவர்டிரைவ் விழவில்லை என்றால் முதலில் ஆயில் மட்டம், அடுத்து அடித்தட்டைக் கழற்றி ஃபில்டர். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும், பிரஷர் வராது. ஓவர்டிரைவ் செத்துவிட்டது என்று விற்கப்பட்ட கார்களில் அரை லிட்டர் ஆயிலோடு உயிர்த்தெழுந்தவையும் உண்டு.

டி வகைக்குத் தனி நோய் ஒன்று இருக்கிறது. அதன் சோலினாய்டில் இழுக்க ஒரு சுருள், பிடித்து வைக்க ஒரு சுருள். இழுத்து முடித்ததும் முதல் சுருளின் மின்சாரம் அறுந்துவிட வேண்டும். நெம்புகோலின் அளவு தப்பியிருந்தால் அது அறாது. சுருள் சூடேறி எரியும். புது சோலினாய்டு வாங்கி மாட்டினாலும் அதே கதைதான். 3/16 அங்குலக் கம்பி ஒன்றை நெம்புகோலின் துளை வழியாக உடலில் உள்ள துளைக்குள் நுழைத்து, அந்த நிலையில் சோலினாய்டு முழுதாக இழுத்திருக்குமாறு நட்டை முறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் ஆண்டுக்கு ஒரு சோலினாய்டு.

இன்னொரு எச்சரிக்கை, இது இரண்டு வகைக்கும் பொது. ஓவர்டிரைவ் விடாமல் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் போடக் கூடாது. உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உருளைகள் நெரிந்து உடையும். இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

ஓவர்டிரைவை விட்டுவிட்டு பாக்ஸை மட்டும் பார்த்தால், நாலு சிங்க்ரோ பாக்ஸ் முரட்டு ஆள். தேய்வது லே ஷாஃப்ட்டும் (கியர்களுக்குச் சக்தியைக் கடத்தும் கீழ்த் தண்டு) அதன் ஊசி பேரிங்குகளும். ஒன்று, இரண்டு, மூன்றில் ‘ங்ங்’ என்று இரைச்சல், நாலாம் கியரில் அமைதி என்றால் அதுதான். நாலாம் கியர் நேரடி இணைப்பு என்பதால் அங்கே லே ஷாஃப்ட்டுக்குச் சுமை இல்லை. அடுத்தது இரண்டாம் கியர் சிங்க்ரோ. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது கரகரக்கும். சூடானபின்னும் கரகரத்தால் வளையம் தேய்ந்துவிட்டது. மூன்று சிங்க்ரோ பாக்ஸில் பார்க்க வேண்டியது முதல் கியரின் பற்கள். வண்டி முழுதாக நிற்பதற்கு முன்னே முதல் கியரைத் திணித்த கைகள் எத்தனை எத்தனை! டபுள் கிளட்ச் (நடுவில் நியூட்ரலில் விட்டு, கிளட்சை இருமுறை மிதித்து கியர் மாற்றுவது) தெரியாதவர் ஓட்டிய காரில் பல் முனைகள் சிதைந்திருக்கும்.

ஓவர்டிரைவ் இல்லாத நாலு சிங்க்ரோ கார் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி: ஓவர்டிரைவோடு கூடிய முழு பாக்ஸ் அதே காரில் தகரத்தைத் தொடாமல் உட்காரும். வயரிங்கும் சுவிட்சும் சேர்த்தால் முடிந்தது. பிரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தை மட்டும் பழையதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் “ஓவர்டிரைவ் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மலிவு” என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். சாதா பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் வேறு, நடுவில் வரும் அடாப்டர் வேறு. தனி ஓவர்டிரைவ் அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் உதவும்.

ஃபோர்டு டைப் 9

1982-ல் வந்த ஃபோர்டு சியரா காரிலிருந்து பிறந்த பாக்ஸ். ஃபோர்டு கேப்ரி 2.8-ன் வி6 இன்ஜினையே தாங்கியது என்பதால் எம்ஜிபியின் பலத்துக்குத் தாராளம். (சியரா ஆர்எஸ் காஸ்வொர்த்துக்கு ஃபோர்டே இதை நம்பவில்லை, போர்க்வார்னர் டி5-ஐப் போட்டது. அந்த அளவு குதிரைசக்தி நமக்கு வரப்போவதில்லை.) வெளி உருவம் ஒல்லி, சுரங்கத்தில் இடஞ்சல் குறைவு. இங்கிலாந்தில் கிட்கார்களிலும் பழைய ரேஸ் கார்களிலும் இது எங்கும் நிறைந்திருப்பதால் உள்பாகம் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. பலப்படுத்திய உள்சக்கரம், நீளமான (விகித எண் சிறிய, அதிக வேகம் வரை போகும்) முதல் கியர் என்று கேட்டதெல்லாம் கிடைக்கும்.

சிக்கல், மேலே கொடுத்த எண்களிலேயே தெரிகிறது. நாலு சிலிண்டர் டைப் 9-ல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 3.65-லிருந்து 1.97-க்குக் குதிக்கிறது. 3,000 சுற்றில் மாற்றினால் எம்ஜிபியின் சொந்த பாக்ஸில் இன்ஜின் 1,890-க்கு இறங்கும். டைப் 9-ல் 1,620-க்கு. பி-சீரிஸ் இன்ஜினின் இழுவை உச்சத்தில் இருப்பதே 3,000 சுற்றில். 1,600-ல் அது முனகத்தான் செய்யும். ஆகவே முதல் கியரில் தேவைக்கு மேல் அலறவிட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. சியராவுக்கு இந்தப் பள்ளம் பெரிதாகத் தெரியவில்லை. பழைய விளையாட்டுக் காரில் ஒவ்வொரு சிக்னலிலும் தெரியும். 5,500 சுற்று வரை முறுக்கினாலும் முதல் கியர் மணிக்கு 43 கிலோமீட்டரில் முடிந்துவிடும். ‘வி6 டைப் 9 வாங்கினால் தீர்ந்துவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. முதல் கியர் கொஞ்சம் நீளுவது உண்மைதான். ஆனால் இரண்டாவதும் கூடவே நீள்வதால் பள்ளம் அப்படியே இருக்கிறது: 3,000-லிருந்து 1,620-தான். தவிர, வி6 பாக்ஸின் முன் ஷாஃப்ட் நீளம் அதிகம். நாலு சிலிண்டருக்கான பெல் ஹவுசிங்கில் (இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) அது அப்படியே சேராது. முதல் கியரை மட்டும் நீளமாக்கிய செட் போட்டால்தான் டைப் 9 இந்தக் காரில் மரியாதையாக நடந்துகொள்கிறது. அந்தச் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய டைப் 9 வாங்கும்போது ஐந்தாம் கியரைச் சந்தேகப்படுங்கள். அது மற்ற கியர்களோடு நடு உடலில் இல்லை. பின்னால் வால் பகுதியில் தனியே உட்கார்ந்திருக்கிறது. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். வால் பகுதியைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பல் நீலம் பூத்திருந்தால் சூடு கண்டது என்று பொருள். வடிக்கும் நட்டு கிடையாது என்பது இன்னொரு எரிச்சல். ஆயிலை மேல் துளை வழியாக உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். பாக்ஸ் காருக்கு வெளியே இருக்கும்போதே கவிழ்த்து வடித்துவிடுவது புத்திசாலித்தனம். கியர் ராடு கரண்டியைப் போல ஆடினால் அடிமுனையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு தேய்ந்திருக்கும். மலிவான சாமான், யோசிக்காமல் மாற்றுங்கள். ரிவர்ஸ் முதல் கியரின் பக்கத்தில், இடது முன்பக்கம். எம்ஜிபியில் அது இடது பின்பக்கம். முதல் ஒரு மாதம் வாகன நிறுத்தத்தில் கவனம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5

கையில் பிடித்த மாத்திரத்தில் மனத்தைக் கவர்வது இந்த பாக்ஸ்தான். ராடின் வீச்சு குறுகியது. ஒவ்வொரு கியரும் பூட்டில் சாவி விழுவதுபோல் விழும். முதல் கியர் 3.136 என்பதால் 5,500-ல் மணிக்கு 50 கிலோமீட்டர் வரை போகலாம். 3,000-ல் மாற்றினால் இரண்டாவது 1,800-ல் எடுக்கிறது, இன்ஜின் முனகுவதில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு இடைவெளி எம்ஜிபியின் சொந்த பாக்ஸைவிட நெருக்கம். இதுவும் பின்சக்கர இழுவை கொண்ட, ஒரு டன் எடைப் பக்கம் நிற்கும் இரண்டு இருக்கைக் காருக்காகவே செய்யப்பட்டது. அந்தப் பொருத்தம் ஓட்டும்போது தெரிகிறது. மலையேற்றத்தில் நின்று புறப்படும்போது மட்டும் கிளட்சைக் கொஞ்சம் அதிகம் பிடிக்க வேண்டியிருக்கும்.

சங்கடம் பொருத்துவதில். எம்எக்ஸ்-5 காரில் கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. பாக்ஸ் தொங்குவதே அந்தச் சட்டத்தில்தான். அதனால் வாலில் வழக்கமான ரப்பர் மவுண்ட்டுக்கான இடமே கிடையாது. கிட் தரத்தை எடைபோட வேண்டிய இடம் இது. வாலைப் பிடிக்கும் தாங்கி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, பாக்ஸின் எந்தத் துளைகளில் பூட்டுகிறது, காரின் பழைய குறுக்குச் சட்டத்தைப் பயன்படுத்துகிறதா, அல்லது புதிதாக வெல்டிங் கேட்கிறதா என்று படத்தோடு கேட்டு வாங்குங்கள். தாங்கி பலவீனமாக இருந்தால் 2,000 சுற்றில் தரை அதிரும். கொஞ்ச நாளில் பூட்டிய காது விரிசல் விடும்.

எந்த எம்எக்ஸ்-5 என்பதிலும் கவனம் தேவை. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையின் ஐந்து கியர் பாக்ஸ்தான் வேண்டும். அதில் ஸ்பீடாமீட்டருக்குக் கேபிள் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் மின் சென்சார் வந்துவிட்டதால் எம்ஜிபியின் ஸ்மித்ஸ் மீட்டரோடு பேசாது. ஆறு கியர் பாக்ஸ் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். அதன் ஐந்தாவதுதான் 1.00, ஆறாவது 0.843. 110-ல் 3,220 சுற்று, அதாவது ஓவர்டிரைவைவிட அதிகம். முதல் கியரோ 3.76, புறப்பட்ட அடுத்த நொடியே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய எம்எக்ஸ்-5 பாக்ஸில் குளிரில் இரண்டாம் கியர் கரகரப்பது வழக்கம். ராடின் அடியில் இருக்கும் குட்டிக் கிண்ணத்துக்குத் தனியே ஆயில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அது வற்றி, கீழ் ரப்பர் உறையும் கிழிந்திருந்தால் கியர் போடுவது சோற்றைக் கிளறுவதுபோல் ஆகிவிடும். புது உறை, புது புஷ், கிண்ணத்தில் கொஞ்சம் கியர் ஆயில் என்று மூன்றையும் பாக்ஸ் வெளியே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில் 2 லிட்டர்.

டி5, ரோவர் எல்டி77 போன்ற பாக்ஸ்கள் வி8 இன்ஜின் போட்ட கார்களுக்கு. 1,798 சிசிக்கு அவை தேவையில்லாத எடை.

பொருத்தும்போது

எம்ஜிபியில் கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்க முடியாது. இன்ஜினையும் சேர்த்தே தூக்க வேண்டும். எந்த பாக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கூலி ஒன்றுதான். அதனால் ஒரு முறை தூக்கும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் இருக்கும் வெண்கல புஷ், பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ரிலீஸ் பேரிங் இந்தக் காரில் உருளை பேரிங் கிடையாது, கரி வளையம். கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர் அதைச் சீக்கிரம் தின்றுவிடுவார்.

ரேடியேட்டர், கார்பரேட்டர், எக்ஸாஸ்ட், பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நாலு போல்ட், ஸ்பீடாமீட்டர் கேபிள், கியர் ராடு எல்லாம் கழற்றியபின் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே விலக்கிக் கட்டிவையுங்கள். பைப்பைக் கழற்றினால் பிறகு காற்று எடுக்க ஒரு நாள் போகும். கியர் பாக்ஸ் ஆயிலை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும். தூக்கும்போது வால் கீழே சாயும், அங்கே வழியும் மூன்று லிட்டரையும் தரைதான் குடிக்கும்.

ஐந்து கியர் கிட்டில் பெல் ஹவுசிங் புதிதாக வருகிறது என்பதால் அதன் மையம் கிராங்கின் மையத்தோடு சேர்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. முள்ளின் முழு ஆட்டம் 0.005 அங்குலத்தை, அதாவது 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் முன் பேரிங் முனகும், கியர் தானாக வெளியே வந்து விழும், பழி பாக்ஸின் மேல் போகும். கிட்டோடு வரும் புஷ், கிராங்கின் துளைக்குள் இலேசாகத் தட்டி இறங்க வேண்டும். கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் அது தவறான அளவு. வெண்கல புஷ் என்றால் முதல் நாள் இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப்போடுங்கள்.

ஸ்பீடாமீட்டரை மறந்துவிட்டு அப்புறம் வருந்துகிறவர்கள் நிறைய. மீட்டரின் முகத்தில் அடியில் பொடி எழுத்தில் 1280 அல்லது 1000 போன்ற ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. 1280 மீட்டருக்கு 1000 சுற்று தரும் பாக்ஸை இணைத்தால், 100-ல் போகும்போது முள் 78-ல் நிற்கும். அபராதச் சீட்டு வந்தபின் கண்டுபிடிப்பதைவிட, காரை நேராகச் சுமார் 53 அடி (மைலில் நூறில் ஒரு பங்கு) தள்ளி கேபிள் முனை எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக் கணக்குப் போட்டு, மீட்டரைத் திருத்த அனுப்பிவிடலாம்.

எதை எடுப்பது

ஓவர்டிரைவ் ஏற்கெனவே இருக்கும் காரில் ஐந்து கியருக்குப் போக வேண்டாம். அதே பணத்தில் நல்ல கையால் பாக்ஸையும் ஓவர்டிரைவையும் பிரித்துச் சேர்த்தால் கார் இன்னும் பல வருடம் ஓடும், விற்கும்போதும் மதிப்புக் குறையாது. ஓவர்டிரைவ் இல்லாத நாலு சிங்க்ரோ காருக்கு முதல் தேர்வு ஓவர்டிரைவ் பாக்ஸ். நல்லது கிடைக்கவில்லை, அல்லது தினமும் ஓட்டும் கார் என்றால் எம்எக்ஸ்-5. மூன்று சிங்க்ரோ கார், பாக்ஸ் உடைந்துவிட்டது, முதல் கியர் சக்கரம் கிடைக்கவில்லை என்ற நிலையில் டைப் 9-க்கு இடமிருக்கிறது; ஆனால் நீளமான முதல் கியர் செட்டோடு மட்டுமே. சாதா நாலு சிலிண்டர் டைப் 9-ஐ அப்படியே தூக்கி வைப்பதுதான் இந்தப் பட்டியலில் கடைசி. டி வகை ஓவர்டிரைவ் உள்ள பழைய கார் யாரிடமாவது இருந்தால் அவர்கள் எதையும் தொடாமல் அந்த நெம்புகோலை மட்டும் 3/16 கம்பியால் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கழற்றிய பழைய பாக்ஸைத் துளைகளை அடைத்து, உள்ளே ஆயிலோடு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். புதிதாகப் பொருத்தியது எதுவானாலும் 500 கிலோமீட்டரில் பிரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஓவர்டிரைவ் என்றால் அப்போதே அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவுங்கள். புதுச் சக்கரங்கள் உதிர்க்கும் பொடி முழுக்க அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.